ரீபில்ட் இன்ஜின் ஏற்றிய பிறகு வண்டி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, கிராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் செய்து, ஹெட் வேலையும் முடித்த இன்ஜினைப் பழைய பிக்கப்பில் திரும்ப ஏற்றியபின் வரும் கோளாறுகளுக்கான குறிப்பு இது. டாடா 207 டிஐ, பழைய மஹிந்திரா பிக்கப் போல, கம்மன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் முறை) வருவதற்கு முந்தைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டிகளுக்குப் பொருந்தும். இங்கே தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

வண்டி கிளம்பவில்லை என்றதும் முதல் திட்டு இன்ஜினைக் கடைந்து கொடுத்த லேத்துக்காரருக்குப் போகும். ஆனால் கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்குள் இருப்பதில்லை. இறக்கும்போது கழற்றி, ஏற்றும்போது மாட்டிய ஒயர், பைப், வாஷர், போல்ட்டில்தான் இருக்கும். அதனால் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள். ஹெட்டையும் சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கடைசியில் திறக்கலாம்.

செல்ஃப் அடித்தால் 'டிக்' மட்டும் கேட்கிறது, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி சாக்கெட் மாட்டி, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புது பிஸ்டன் ரிங் என்பதால் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் கை திணறும், கொஞ்சம் பொறுத்தால் விட்டுக்கொடுக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரே இடத்தில் கல்லில் மோதியதுபோல நின்றால் விஷயம் வேறு. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் நான்கையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். துளை வழியே தண்ணீரோ டீசலோ பீச்சி அடித்தால், சிலிண்டரில் தேங்கியதுதான் தடுத்திருக்கிறது. நாசில் இல்லாமலும் அதே இடத்தில் இடித்தால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. டைமிங் மார்க் ஒரு பல் தவறியிருக்கலாம். பிளாக் முகத்தைச் சீவிய பிறகு பழைய தடிமனிலேயே ஹெட் கேஸ்கெட் போட்டிருக்கலாம். டீசலில் பிஸ்டன், பிளாக் முகத்தைவிட எவ்வளவு மேலே வருகிறது என்று டயல் கேஜில் அளந்துதான் கேஸ்கெட் தடிமனைத் தேர்வு செய்ய வேண்டும். கேஸ்கெட் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளோ துளைகளோ அந்தத் தடிமனைச் சொல்லும். இந்த நிலையில் செல்ஃப் அடித்து 'ஃப்ரீ' பண்ணப் பார்த்தால் கனெக்டிங் ராட் வளையும், மறுபடியும் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

கையால் சுற்றுகிறது, செல்ஃபில் மட்டும் சுற்றவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே கரண்ட் போக இருக்கும் நல்ல வழி அந்தப் பின்னல் எர்த் பட்டை ஒன்றுதான். அதை மாட்ட மறந்திருப்பார்கள், இல்லையென்றால் புதுப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். சென்னை காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் மோசம். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேசிஸில் வழிந்து, எர்த் போல்ட்டின் கண்ணைப் பச்சைப் பொடியாக அரித்துவிடும். வெளியே பார்த்தால் பட்டை முழுசாக இருக்கும். ஸ்பானர் வைத்தால் கையோடு வந்துவிடும்.

எர்த் இல்லையென்பதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டால் சுடும், சில சமயம் புகையும் வரும். எர்த் பட்டையில் போக வேண்டிய கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போகிறது. மீட்டர் இருந்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரி பிளஸுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட் வரை விடலாம். அதே நேரம் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் குற்றவாளி. புது ரிங்கோடு போராட நல்ல பேட்டரி வேண்டும், பழையதை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள்.

எர்த் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை எமரி போட்டு, பட்டையை முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை

புகை இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வேறு எதையும் தேட வேண்டாம்.

பம்ப்பில் ஸ்டாப் சொலினாய்டு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சாவியை ஆன் செய்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த ஒற்றை ஒயரை மாட்டவில்லை, அல்லது 12 வோல்ட் வரவில்லை. ஸ்டாப் கேபிள் வண்டி என்றால் லீவர் பாதியிலேயே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை இழுத்துக் கட்டி மாட்டியிருந்தால் இன்ஜின் எப்போதும் 'ஸ்டாப்' நிலையிலேயே கிடக்கும்.

அடுத்தது ஏர் எடுப்பது. ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை நுரையில்லாத டீசல் வரும்வரை அடியுங்கள். அது வந்ததும் ஸ்க்ரூவை முடுக்கி, பம்ப்பின் பிளீட் ஸ்க்ரூவில் அதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் பக்கம் நான்கு பைப் நட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளி வந்ததும் முடுக்கிவிடுங்கள். ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, நடுவே ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். ரோட்டரி பம்ப்புக்கு (ஒரே சுழலும் பாகம் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் பம்ப்) உள்ளே மசகு எல்லாமே டீசல்தான். காய்ந்த பம்ப்பை நிறுத்தாமல் சுற்றினால் அதன் உள்பாகம் தேயும்.

ரோட்டரி பம்ப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. டீசல் உள்ளே வரும் பேஞ்சோ போல்ட்டும் (பைப்பை மாட்டும், உள்ளே துளையுள்ள போல்ட்) ரிட்டர்ன் போல்ட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ரிட்டர்ன் போல்ட்டில் மட்டும் ஊசித்துளை அளவு ஓட்டை இருக்கும், பல பம்ப்புகளில் தலையில் 'அவுட்' என்றும் பொறித்திருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டினால் பம்ப்புக்குள் பிரஷர் நிற்காது, எத்தனை ஏர் எடுத்தாலும் வண்டி பிடிக்காது.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நிமிடத்தில் தானாக அணைகிறது

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள உறிஞ்சும் பாதையில் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பாதையில் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எல்லாம் காய்ந்தே தெரியும். ஃபில்டருக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு சாண் நீளக் குழாயை இடையில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டதுதான் வழக்கமான காரணம். மண்ணடியில் சில்லறைக்குக் கிடைக்கும் சாமான், மொத்தமாகப் புதுசு மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் லேத்தில் கிடந்த வாரக்கணக்கில் வண்டி வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். பாதி டேங்க் டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கும், துருவும் கலந்திருக்கும். டேங்க்கின் அடி பிளக்கைத் திறந்து ஒரு லிட்டரைப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் மேலே எதையும் செய்யாதீர்கள். தேங்கிய மழை வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டி என்றால் பாட்டில் சோதனையே வேண்டாம், நேராக டேங்க்கை இறக்குங்கள்.

வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிடிக்க மறுக்கிறது

கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். டீசல் வாடை இல்லாமல், சைலன்சர் முனையில் காட்டிய அட்டையில் நீர்த்துளி படிந்து, நிறுத்தாமல் வந்தால் அது தண்ணீர். முதல் ஐந்து நிமிடம் வரும் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எரியாத டீசலுக்கு, "குளிர் சார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்ற பதில் நம்மூரில் செல்லாது. மார்கழி அதிகாலையிலும் சென்னையில் 20 டிகிரி பக்கம்தான். நல்ல கம்ப்ரஷன் உள்ள டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின் அதில் திணறக் கூடாது.

பம்ப் டைமிங் பின்தங்கியிருந்தால் வெள்ளைப் புகையும் சூடும் சேர்ந்து வரும், இழுவை இருக்காது. முன்னே போயிருந்தால் ஆணி அடிப்பதுபோல 'டக் டக்' என்று கடினமான சத்தம் வரும். லைன் பம்ப்பில் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பம்ப் பாகங்கள் வரிசையாக இருப்பது) முதல் சிலிண்டர் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த பைப் மாட்டி, டீசல் ஒழுகுவது சொட்டாக மாறும் இடத்தை ஃப்ளைவீல் மார்க்கோடு சேர்க்க வேண்டும். ரோட்டரி பம்ப்பில் பின்பக்க நடு பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் வைத்து, மேனுவல் சொல்லும் லிஃப்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கேஜ் இல்லாமல் சாலையோரம் திருத்த வேண்டி வந்தால், பம்ப் ஃப்ளேஞ்சில் உளியால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு தடவைக்கு 1 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக பாடியைத் திருப்பினால் டைமிங் முன்னே வரும். இது வண்டியை ஷெட் வரை கொண்டுபோக மட்டுமே. கேஜ் வைக்காமல் லோடு அடிக்காதீர்கள்.

டைமிங் சரியென்றால் டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் முடுக்கிய வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் ஓடிப்போகும். 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) ஓடும் இன்ஜினுக்குச் சுலப வழி: 4-ம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் ஆட்டத்தில் இருக்கும்போது 1-ம் சிலிண்டரின் இடைவெளியை வையுங்கள். 2 ஆடும்போது 3, 1 ஆடும்போது 4, 3 ஆடும்போது 2.

ஆயில் லைட் அணையவில்லை

பத்து வினாடிக்குள் அணையவில்லையென்றால் இன்ஜினை நிறுத்துங்கள். "கொஞ்சம் ரேஸ் பண்ணினால் ஏறிவிடும்" என்பது புதுப் பேரிங்கைக் கொல்லும் பேச்சு.

உண்மையில் இந்தக் கேள்வியே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் தீர்ந்திருக்க வேண்டும். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் இடமென்றால் அதில் ஆயில் நிரப்பி மாட்டி, ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்து அல்லது சொலினாய்டு ஒயரைப் பிடுங்கி, நாசில்களைக் கழற்றிவிட்டு, லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். அதன்பிறகே டீசல்.

லைட் எரிந்தால் முதலில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றியும் லைட் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, இன்ஜினில் ஒன்றுமில்லை. அணைந்தால் சுவிட்ச் இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை முடுக்கிப் பாருங்கள். சூடான ஐடிலிங்கில் சதுர செ.மீ.க்கு 1 கிலோ, 2,000 ஆர்.பி.எம்.மில் 3 கிலோ இருந்தால் கவலையில்லை.

கேஜே குறைவாகக் காட்டினால் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்:

– சம்ப்புக்குள் ஆயில் உறிஞ்சும் பைப்பின் ஓ-ரிங் அல்லது கேஸ்கெட் விடுபட்டு, ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. முள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

– பிளாக்கைக் கழுவ லேத்தில் கழற்றிய ஆயில் கேலரி பிளக்கில் ஒன்றைத் திரும்பப் போடவில்லை. டைமிங் கவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பிளக்தான் அடிக்கடி தப்பும். முள் எழும்பவே எழும்பாது.

– கிராங்கை 0.50 மி.மீ. கிரைண்டிங் செய்துவிட்டு 0.25 பேரிங் போட்டிருக்கிறார்கள். குளிரில் பிரஷர் நன்றாக இருக்கும், சூடானதும் சரியும். பேரிங் ஷெல்லின் முதுகில் அளவு அச்சடித்திருக்கும், பில்லை நம்பாமல் அதைப் படியுங்கள். இடைவெளிக்குப் பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: ஷாஃப்ட் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 70 மி.மீ. ஜர்னலுக்கு (கிராங்கில் பேரிங் பிடிக்கும் பகுதி) 0.07 மி.மீ. பக்கம். பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து முடுக்கிக் கழற்றினால் அதன் நசுங்கிய அகலம் உண்மையைச் சொல்லிவிடும்.

– பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கித் திறந்தே நிற்கிறது.

சிலிகான் பேஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சம்ப்புக்கு விரல் தடிமனில் பூசினால் வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்த உள்புழு உதிர்ந்து உறிஞ்சும் ஜல்லடையில் போய் அடையும். 2 மி.மீ. கோடு போதும், போல்ட் துளைக்கு உள்பக்கமாகச் சுற்றிப் போடுங்கள்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்

ஐடிலிங்கில் விட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். துணியை மேலே போட்டு, முகத்தையும் கையையும் விலக்கியே வையுங்கள். அந்தப் பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எந்த நட்டைத் தளர்த்தினாலும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

நாசிலை வெளியே எடுத்து, அது உட்காரும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காப்பர் வாஷரைப் பலரும் ஹெட்டின் உலோகம் என்றே நினைத்துவிடுவார்கள். அதன்மேல் புது வாஷர் போட்டால் நாசில் முனை ஒரு வாஷர் உயரம் மேலேறி நிற்கும். ஸ்பிரே பிஸ்டன் குழிக்குள் விழாமல் ஓரத்தில் அடிக்கும். புகையும் மிஸ்ஸிங்கும் ஒன்றாக வரும். கூர்மையான கொக்கியால் சுரண்டினால் செம்பு நிறம் பளிச்சென்று தெரியும், நெம்பினால் பழைய வாஷர் கறுப்பு வளையமாகக் கழன்று வரும்.

ரோட்டரி பம்ப்பில் பைப் வாய்கள் வட்டமாக ஃபயரிங் ஆர்டரில் இருக்கும், அதனால் மாறி மாட்டுவது சுலபம். இரண்டு சிலிண்டர் ஒரேயடியாக மிஸ்ஸாகி, வண்டி உதைத்தால் பைப் பாதையை விரல் வைத்துப் பின்தொடருங்கள்.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி ஒரு விரற்கடை இடைவெளி கையால் தள்ளி மூடியதா, போல்ட்டை முடுக்கி இழுத்து மூடியதா? இழுத்து மூடியிருந்தால் இன்புட் ஷாஃப்ட்டின் பல் கிளட்ச் பிளேட் நடுவில் சரியாக நுழையாமல், பிளேட்டின் நடுக்குடத்தை வளைத்திருக்கும். கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. பெல் ஹவுசிங் கையால் முழுதாக உட்கார வேண்டும், போல்ட் வேலை அதைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

பிளேட்டைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இதே அறிகுறி. 'ஃப்ளைவீல் சைடு' என்று எழுத்து இருக்கும். எழுத்து அழிந்திருந்தால், ஸ்பிரிங் புடைத்த பக்கம் பொதுவாகக் கியர் பாக்ஸைப் பார்க்கும். கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகாட் பேரிங் இறுகியிருந்தால் கிளட்ச் பிரிந்தாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் கறகறக்கும். அந்தப் பேரிங் விலை குறைவு, இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றியிருக்க வேண்டியது. ஹைட்ராலிக் கிளட்ச்சாக இருந்து, பெடலை நாலு தடவை அடித்தால் மட்டும் கியர் விழுந்தால், லைனில் ஏர். இறக்குவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளாக்கைக் கொதிக்கும் காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கழுவியபோது பெல் ஹவுசிங்கை நேராக உட்கார வைக்கும் டவல் பின் இரண்டும் காணாமல் போயிருக்கலாம். அவை இல்லாமல் வண்டி ஓடும். ஆனால் கியர் பாக்ஸ் மயிரிழை கோணலாக உட்காரும், டாப் கியர் நழுவும், இன்புட் பேரிங் சில மாதத்தில் ஊளையிடும்.

கிளட்ச் மிதித்தால் இன்ஜின் வேகம் இறங்குகிறது, அணையவும் பார்க்கிறது

இதைக் கிளட்ச் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே வந்து பின்னே போனால், கிராங்க் அப்படி நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷரில் குறை. டயல் கேஜில் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால், வாஷரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் அல்லது ஒரு பாதியைப் போடவே இல்லை. ஆயில் காடி இருக்கும் முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், பிளாக்கை அல்ல. அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கைத் தின்னத் தொடங்கும். சம்ப்பை இறக்குங்கள்.

சூடேறுகிறது

முதல் ஸ்டார்ட்டில் சூடேறினால் பெரும்பாலும் தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்திருக்கும். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரை மெதுவாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்வரை காத்திருந்து மறுபடி நிரப்புங்கள்.

ரேடியேட்டரில் திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இன்ஜின் போருக்குக் காசைக் கொட்டிவிட்டு போர்த் தண்ணியை ஊற்றுவது என்ன நியாயம்? டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. பழைய ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் புது இன்ஜினோடு மாட்டுவதும் அதே வகைத் தவறுதான்.

"சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று பிடுங்கி எறியும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் பாதையை மூடுகிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும், லோடில் சூடு ஏறும். லோடு இல்லாதபோது இன்ஜின் குளிர்ந்தே ஓடும், புது ரிங் படியாது. கொதிக்கும் நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தால் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் போதாது. இறக்கையின் குழிந்த முகம் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10–12 மி.மீ. உள்ளே போகலாம்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகி, ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே கேஸ் தள்ளுகிறது. ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தபோதே முடுக்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. சில நேரம் பிளாக்கே வெடிக்கும். ஒவ்வொரு துளையையும் ஏர் அடித்துக் காயவைத்து, போல்ட் மரைக்கு மட்டும் ஒரு சொட்டு ஆயில் தடவி மாட்டுங்கள்.

நீலப் புகை, ஆயில் குறைகிறது, ஃபில்லர் மூடியில் ஆவி அடிக்கிறது

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசான நீலப் புகை இருக்கலாம். குறையாமல் நின்றால் ரிங் படியவில்லை என்று பொருள். இதற்குப் பெரிய காரணம் நம்மூர் ஓட்டம். துறைமுக கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டியில், ரிங்கைச் சுவரோடு அழுத்த கேஸ் பிரஷர் போதாது. சிலிண்டர் சுவரில் கீறிய ஹோனிங் கோடுகளின் மேல் ஆயில் வெந்து கண்ணாடிபோல மெருகேறிவிடும். அதற்குப் பிறகு ரிங் படியவே படியாது. மறுபடி ஹோனிங்தான்.

புது இன்ஜினை வரிசையில் விடாதீர்கள். அதிகாலையில் மாதவரத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் ரெட்ஹில்ஸ் தாண்டி கும்மிடிப்பூண்டி வரை போய்த் திரும்புங்கள். பாதி லோடு ஏற்றி, 40-லிருந்து 60-க்கு ஏற்றி, ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கி, மறுபடி ஏற்றி. ஒரே வேகத்தில் பிடித்து வைக்க வேண்டாம், டாப் கியரில் திணறவும் விட வேண்டாம். சாதாரண 15டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் இப்போது வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி லேசாக இருப்பது இயல்பு. மஞ்சளாக மின்னும் செதில் இருந்தால் பேரிங் பேசுகிறது.

ஆவி அடிப்பதைப் 'பேக் கம்ப்ரஷன்' (ரிங்கைத் தாண்டி கேஸ் கீழே இறங்குவது) என்று முடிவு கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். டைனமோவுக்குப் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள வண்டியில், அதன் ஹோஸைக் கழற்றிப் பம்ப் வாயை அடைத்துப் பாருங்கள். ஆவி சட்டென்று குறைந்தால், பிரேக் பூஸ்டர் ஹோஸ் லீக் வழியாக வந்த காற்றைத்தான் பம்ப் சம்ப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பிஸ்டனில் பழுதில்லை. சோதனை முடிந்ததும் ஹோஸை மாட்டிய பிறகே வண்டியை நகர்த்துங்கள், அது இல்லாமல் பிரேக் சரியாகப் பிடிக்காது.

குறையாவிட்டால் ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். எழுத்துள்ள முகம் மேலே இருக்க வேண்டும். ரிங் வாய் இடைவெளி, போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு 3 முதல் 4 பங்கு. டாடாவின் 497 என்ற பெயரே 4 சிலிண்டர், 97 மி.மீ. போரைத்தான் சொல்கிறது. அதற்கு 0.30 முதல் 0.40 மி.மீ. வரும்.

டர்போ உள்ள வண்டியில் நீலப் புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றுங்கள். வாய் பேஸ்ட்டால் அடைபட்டிருக்கும்.

பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகுகிறது

ஓட்டாதீர்கள். வேக்குவம் பம்ப்புக்குப் போகும் ஆயில் பைப்பை மாட்டவில்லை, அல்லது பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சரி செய்தபின், இன்ஜினை அணைத்துப் பெடலை நான்கு தடவை மிதித்து இறுக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும்.

ஐடிலிங்கில் கேபின் முழுக்க நடுக்கம்

மவுண்டிங் போல்ட்டை இன்ஜின் தொங்கும்போதே முடுக்கியிருப்பார்கள், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் தளர்த்தி, இன்ஜினை ஐடிலிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தானாக உட்காரவிட்டு, அணைத்தபின் முடுக்குங்கள். சைலன்சர் பைப் சேசிஸைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். ரேஸ் ஏற ஏற நடுக்கமும் கூடினால் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் பக்கம்.

எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சான்றுச் சோதனை) நிறுத்தி வைக்கிறார்கள்

கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், நாசில் பிரஷர், பம்ப் அளவு என்ற வரிசையில் போங்கள். இழுவை வேண்டும் என்று பம்ப் ஸ்க்ரூவை முறுக்கியிருந்தால் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

புகை இல்லாமலும் நிறுத்தினால் இன்ஜின் எண். பிளாக்கைச் சீவும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ எண் மறைந்திருக்கலாம், தின்னர் போட்டுத் துடைத்துத் தெரிய வையுங்கள். பிளாக்கையே மாற்றியிருந்தால் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். புதுப்பேட்டையில் வாங்கிய பிளாக் என்றால் விற்றவரிடம் பில்லையும், பழைய வண்டியின் ஆர்.சி. நகலையும் வாங்கி வையுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.